வளைய வேண்டியது யார்?

நீதிமன்றத்திலே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும் ஒருவருக்கு அங்கே பேசப்படும் மொழி விளங்கவில்லையென்றால் நீதவான் என்ன செய்கிறார்? "இம் மொழியைக் கற்றுக்கொண்டு வா, அதன் பின்னர் உன் சாட்சியத்தைக் கேட்போம்" என்று திருப்பி அனுப்புவதில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைக்கிறார். சாட்சிக்குக் காது மந்தமென்றால் கேள்வி உரத்துக் கேட்கப்படுகிறது. தளர்ந்த முதியவரென்றால் ஆசனம் கொடுக்கப்படுகிறது. இவை சாட்சிக்கு இடப்படும் பிச்சை அல்ல. உண்மையை அறிய வேண்டிய கடமை மன்றத்துக்கு உண்டு. ஆதலின் உண்மை வந்து சேரும் வழியைச் செப்பனிட வேண்டிய கடமையும் மன்றத்தையே சாரும்.

இந்த எளிய நியாயம், மன நோவுக்கு மருந்து தேடிச் செல்வோரின் அறைக்குள் மட்டும் நுழையத் தயங்குவது ஏன்? இவ்வாரம் நாம் வாசகர்களின் முன் வைக்க விரும்பும் கேள்வி இதுவே.

மனிதரின் முகம் வேறுபடுவதுபோல் மூளையின் நரம்பமைப்பும் ஆளுக்காள் வேறுபடுகிறது. பெரும்பாலோரின் அமைப்பினின்றும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டோரும் எம்மிடையே உளர். ஓட்டிசம் உடையோர், கவனத்தை ஒன்றிலே நிறுத்துவதும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதும் இயல்பாகக் கைவராதோர், அறிவு நிறைந்திருந்தும் எழுத்தை வாசிப்பதில் இடர்ப்படுவோர் ஆகியோர் இவருள் அடங்குவர். இவ் வேறுபாடுகளை நோய்ப் பட்டியலாக மட்டும் நோக்காது, மனித குலத்தின் இயற்கையான பன்மையாகவும் நோக்க வேண்டுமென்ற கருத்து 1990களிலே வலுப்பெற்றது. 'நரம்பியல் பன்மை' என்று அதற்குப் பெயர் வழங்குகிறது.

இவர்கள் எங்கோ மேல்நாட்டில் வாழ்பவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றிலே, 18 மாதம் முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டெனக் கண்டது. இக் கணக்கை மனத்திற்கொண்டு எமது ஊர்ப் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். "அவன் ஒரு மாதிரி", "அவள் யாரோடும் சேராள்" என்று நாம் கூறிக் கடந்து செல்லும் முகங்கள் பல நினைவுக்கு வரும்.

அத்தகைய இளைஞர் ஒருவர், தந்தையை இழந்த துயரால் உறக்கமிழந்து, உளவளத்துணை நாடிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் மண்டபத்தில் ஐம்பது பேரின் இரைச்சல். தலைக்கு மேலே குழல் விளக்கு இமைத்துக்கொண்டும் இரைந்துகொண்டும் இருக்கிறது. மற்றவர்கள் கவனியாத அவ்வோசை அவருடைய காதிலே ஊசியாய் இறங்குகிறது. ஒன்பது மணிக்கு என்று சொன்ன சந்திப்பு பதினொரு மணிக்கு நிகழ்கிறது. ஏன் தாமதமென்று எவரும் சொல்லவில்லை. உள்ளே அழைத்தவர் நல்லவர், அன்பாகவே பேசுகிறார். "என்னைப் பார்த்துப் பேசுங்கள், தம்பி" என்கிறார். பார்த்தால் பேச வராது. பேசினால் பார்க்க வராது. "அப்பாவை நினைக்கும்போது மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார். இளைஞர் மௌனமாக இருக்கிறார். பதில் இல்லாமையால் அன்று. அக் கேள்வி தமது உடலிலும் உள்ளத்திலும் எதனைச் சுட்டுகிறது என்பது அவருக்குப் புலப்படாமையால். குறிப்பேட்டிலே "ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அடுத்த மாதம் அவர் வரவில்லை. வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதப்பட்டாயிற்று. ஆனால் விசாரணை நடந்ததா?

இங்கே கொடியவர் எவரும் இலர். ஒருவகை மனிதருக்கென்று அமைக்கப்பட்ட அறைக்குள் மற்றொரு வகை மனிதர் நுழைந்தார், அறை அசையவில்லை. அவ்வளவே நடந்தது. அதன் விளைவோ சிறிதன்று. இங்கிலாந்திலே, வளர்ந்த பின்னரே தமக்கு ஓட்டிசத்தின் ஒரு வகை உண்டென அறிந்துகொண்ட 367 பேரிடம் வினவிய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. அவர்களுள் 243 பேர், அதாவது நூற்றுக்கு 66 பேர், தம் வாழ்நாளில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கு ஆளானதாகக் கூறினர். தம் இயல்பை மறைத்துப் பிறரைப்போல் நடிக்கும் சுமைக்கும் அந்த எண்ணத்துக்கும் தொடர்புண்டு என்று 2018இல் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே, "நீ மற்றவர்களைப்போல் இரு" என்று கற்பிப்பதையே குறிக்கோளாகக் கொண்ட சிகிச்சை, காக்க வேண்டிய உயிரையே ஆபத்துக்குள் தள்ளக்கூடும். அலங்காரத்துக்கான சீர்திருத்தத்தை நாம் பேசவில்லை. உயிரைப் பற்றியே பேசுகிறோம்.

கேட்கப்படாத தரப்பு

மற்றத் தரப்பையும் கேட்காது தீர்ப்புக் கூறலாகாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. ஓட்டிசச் சிகிச்சையின் வரலாறு இவ் விதியை மீறியவர்களின் வரலாறாகவே நெடுங்காலம் இருந்தது.

1943இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே லியோ கன்னர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஓட்டிசம் என்ற பெயர் மருத்துவ உலகிலே தனியிடம் பெற்றது. அடுத்த ஆண்டு வியன்னாவிலே ஹான்ஸ் அஸ்பேகர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுதினார். அதன் பின் வந்த காலத்தில் குற்றம் தாய்மாரின் தலையிலே சுமத்தப்பட்டது. அன்பற்ற தாயின் குளிர்ந்த உள்ளமே பிள்ளையைத் தன்னுள் ஒடுங்கச் செய்தது என்றனர். 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் எழுதிய நூல் இக் கருத்தை நாடெங்கும் பரப்பிற்று. ஓட்டிசமுடைய மகனின் தந்தையான பேர்னாட் றிம்லண்ட் என்ற உளவியலாளர், இது தாயின் குற்றமன்று, உடலின் அமைப்பைச் சார்ந்தது என்று 1964இலேயே நூலெழுதி வாதாடியிருந்தார். ஆயினும் அப்பழி நீங்கப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே நொந்து அழுதனரோ!

தாயை விட்ட கை பிள்ளையின்மேல் விழுந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே ஐவர் லோவாஸ் என்பவர், வெகுமதியாலும் தண்டனையாலும் நடத்தையை மாற்றும் முறையை வகுத்தார். 1987இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வாரத்துக்கு 40 மணிநேரம் பயிற்றப்பட்ட 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளிடமிருந்து வேறு பிரித்தறிய முடியாத நிலையை எய்தினர் என்றது. அவ்வாய்விலே பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அதட்டலும் தொடையில் அடித்தலும் முறையின் பகுதிகளாக இருந்தன. இவை ஒருபுறமிருக்க, வெற்றி எதனைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பிள்ளை மகிழ்ச்சியாய் இருக்கிறதா, தன் தேவையைச் சொல்ல முடிகிறதா என்பதைக் கொண்டன்று. மற்றவர்களைப்போல் தோன்றுகிறதா என்பதைக் கொண்டே அளந்தனர். இன்று அத்துறையினரிற் பலர் அடியையும் அதட்டலையும் கைவிட்டுவிட்டனர் என்பதை நாம் நியாயத்தின்பொருட்டுக் கூறவேண்டும். கோலைக் கைவிட்டால் போதாது. அளவுகோலையும் மாற்ற வேண்டும் என்பதே எமது கருத்து.

கோலைக் கைவிடாதோரும் உளர். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள நிறுவனமொன்று, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேறுபட்ட நரம்பமைப்புடையோரின் உடலிலே கருவியைக் கட்டி, வேண்டாத நடத்தை தோன்றுந்தோறும் மின்னதிர்ச்சி கொடுத்து வந்தது. சித்திரவதை பற்றிய ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் 2013இல் இதனைச் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை மீறிய செயலாகக் கண்டார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 மார்ச் மாதத்தில் அக் கருவியின் இப்பயனுக்குத் தடை விதித்தது. 2021 யூலையிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற தீர்ப்பால் தடையை நீக்கிற்று. மின்னதிர்ச்சி நல்லதென்று அம் மன்றம் கூறவில்லை. ஒரு கருவியைக் குறித்ததொரு பயனுக்கு மட்டும் தடைசெய்வது மருத்துவத் தொழிலில் தலையிடுவதாகும், அதற்கு நிர்வாகத்துக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது. 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அவ்வதிகாரத்தை வழங்கியது. 2024 மார்ச்சில் நிர்வாகம் மீண்டும் தடையை முன்மொழிந்தது. அதிகாரம் யாருக்கு என்ற வழக்காடலிலே ஆண்டுகள் கழிந்தன. கருவி கட்டப்பட்டவரின் உடலோ காத்திருந்தது. சிகிச்சை என்ற பெயரைச் சூட்டிவிட்டால் எதுவும் சட்டத்தின் கண்ணுக்கு மறைந்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இறுதியிலே கேட்கப்படாத தரப்பு தானே எழுந்து பேசிற்று. 1993இல் ரொறொன்ரோ நகரிலே நடந்த மாநாட்டில் ஓட்டிசமுடைய ஜிம் சின்கிளேயர் பெற்றோரை நோக்கி உரை நிகழ்த்தினார். ஓட்டிசம் என்பது உள்ளே வேறொரு பிள்ளையை அடைத்து வைத்திருக்கும் ஓடு அன்று. அஃது ஒருவரின் இருப்போடு பிரிக்கவியலாது கலந்தது. இல்லாத பிள்ளைக்காக அழாது இருக்கும் பிள்ளையை நோக்குங்கள் என்பது அவ்வுரையின் சாரம்.

2012இல், தாமும் ஓட்டிசமுடையவரான டேமியன் மில்ரன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், இரு தரப்பாரிடையே விளக்கம் முறிவது இரு தரப்பினதும் குறையே என்று வாதிட்டார். எடின்பரோவிலே இது சோதிக்கப்பட்டு 2020இல் முடிவு வெளியாயிற்று. எட்டுப் பேர் கொண்ட சங்கிலியாக நின்று, ஒருவர் சொல்லும் கதையை அடுத்தவர் கேட்டு அவருக்கு அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ஓட்டிசமுடையோர் மட்டும் நின்ற சங்கிலியிலே கதை, மற்றவர் சங்கிலியில் நின்ற அளவுக்கே குறையாது நின்றது; இருவகையாரும் மாறி மாறி நின்ற சங்கிலியிலேதான் கூடுதலாகச் சிதைந்தது. 2025இல் வெளியான இன்னும் பெரிய ஆய்விலே கலப்புச் சங்கிலியின் சிதைவு அவ்வாறு தோன்றவில்லை. ஆயினும் ஓட்டிசமுடையோர் செய்தி சொல்வதிலும் கொள்வதிலும் மற்றவர்க்குக் குறைந்தவர் அல்லர் என்பது இரண்டிலும் நின்ற உண்மை. அவ்வாறாயின் அறையிலே பேச்சு முறிந்தபோது "ஒத்துழைக்கவில்லை" என்ற பழியை ஒரு தரப்பின் தலையில் மட்டும் எழுதியது எந்த நியாயம்?

கட்சிக்காரர் யார்?

சட்டத் தொழிலிலே எம்மை நாடி வருபவரைக் கட்சிக்காரர் என்கிறோம். அவருடைய அறிவுறுத்தலின்றி ஓரடியும் எடுத்து வைக்க எமக்கு உரிமையில்லை. கட்டணத்தை அவருடைய அண்ணன் செலுத்தலாம். ஆனால் வழக்கு அண்ணனுடையது அன்று. சிகிச்சை அறையிலும் இதுவே விதியாக வேண்டும். பிள்ளையை அழைத்து வந்தவர் தாயாக இருக்கலாம்; அனுப்பியவர் அதிபராக இருக்கலாம். வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பது அதிபரின் தேவை. விருந்தினர் முன்னே பிள்ளை கைகளை அசைக்காதிருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். பிள்ளையின் தேவை யாது? கைகளை அசைப்பதால் அப் பிள்ளையின் உள்ளம் அமைதி பெறுகிறதென்றால், அதனை நிறுத்துவது யாருக்குச் செய்யும் சிகிச்சை?

குறிக்கோளை நாடி வந்தவரே வகுக்க வேண்டும். பேச வராத பிள்ளையென்றால் அதன் மகிழ்வும் நோவும் சொல்லும் செய்தியைப் படித்து வகுக்க வேண்டும். இஃதொன்றே நாம் வற்புறுத்தும் அடிப்படை. ஏனையவெல்லாம் இதிலிருந்து தாமே பிறக்கும்.

அவை யாவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்திலே மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் 'நைஸ்' என்ற அரச நிறுவனம் 2012இல், ஓட்டிசமுடைய வளர்ந்தோருக்கு உளச் சிகிச்சை அளிக்கும்போது செய்ய வேண்டிய மாற்றங்களைப் பட்டியலிட்டது. சிகிச்சை ஒழுங்கும் திட்டமும் உடையதாக இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லோடு எழுத்தும் படமும் பயன்பட வேண்டும். உருவகமும் இரட்டைப் பொருளும் தவிர்த்து எளிய மொழியிலே பேச வேண்டும். விதிகளைக் குறிப்பாக உணர்த்தாது வெளிப்படையாகச் சொல்லி ஏன் என்பதையும் விளக்க வேண்டும். அவர் இசைந்தால் உறவினர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இடையிடையே ஓய்வு தர வேண்டும். அவர் ஆர்வங்கொண்ட பொருளைப் பேச்சிலே இணைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு அனுபவமும் ஆய்வும் காட்டும் வேறு சிலவற்றையும் சேர்க்கலாம். ஓட்டிசமுடையோரில் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்குத் தம் உணர்ச்சியை இனங்கண்டு பெயரிடுவது அரிது என்று 2019இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. மற்றவர்களிடையே அது நூற்றுக்கு ஐந்து பேரளவிலேயே காணப்பட்டது. அத்தகையவரிடம் "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதிலும், "நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கினீர்கள்? உண்ண முடிந்ததா? நெஞ்சு இறுகியதா?" என்று கேட்பது பயன்தரும். ஓசையாலும் ஒளியாலும் வேதனையுறுவோரைப் பயங்கொண்டவராக எண்ணி, "பழகினால் சரியாகிவிடும்" என்று மீண்டும் மீண்டும் அதனுள் தள்ளலாகாது. பயம் பழக்கத்தால் தணியலாம். சுடுவது பழக்கத்தால் குளிராது. பாடசாலையிலே பல்லாண்டு பரிகசிக்கப்பட்ட ஒருவர் "மக்கள் என்னை ஏளனம் செய்கின்றனர்" என்று சொன்னால், அதனைப் பிழையான எண்ணமென்று திருத்த முற்படுமுன் அது உண்மையா என்று விசாரிக்க வேண்டும். நேரத்தைக் கணிப்பதில் இடர்ப்படுபவர் இரு சந்திப்புகளைத் தவறவிட்டாரென்று பெயரை வெட்டுவது, கால் முடவர் மாடிப்படி ஏறிவரவில்லையென்று பெயரை வெட்டுவதற்கு ஒப்பானது. முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வாசிப்பதில் இடர்ப்படுபவரின் கையிலே பத்துப் பக்கப் படிவத்தைத் திணிப்பதும் அத்தகையதே.

தாய்மொழியின் இடம் பற்றியும் ஒரு சொல். சொல்லின் நேர்ப்பொருளையே பொருளாகக் கொள்ளும் ஒருவருக்கு, அரைகுறையாக அறிந்த மொழியிலே நடத்தப்படும் சிகிச்சை இரட்டைத் தடையாகும். ஓட்டிசமுடைய பிள்ளைக்கு இரு மொழிகள் சுமையாகுமென்று அஞ்சி, வீட்டிலே தமிழைக் கைவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசும் பெற்றோர் இங்கும் கடல் கடந்த நாடுகளிலும் உளர். இரு மொழிச் சூழல் அப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சியை மேலும் பின்தள்ளுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவோடு பேச முடியாத பிள்ளைக்கு உறவின் வாசல் ஒன்று வீணே அடைக்கப்படுகிறது.

தடையுரைகள்

எமது கருத்துக்கு எதிராகக் கூறப்படக்கூடியவற்றையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

"தலையைச் சுவரில் மோதும் பிள்ளையையும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. உயிருக்கும் உடலுக்கும் ஊறு செய்வதைத் தடுக்கவே வேண்டும். ஆனால் மோதுவது ஏன் என்று முதலிலே கேளுங்கள். பல்வலியையும் காதுவலியையும் மலச்சிக்கலையும் சொல்ல வாய்ச்சொல் இல்லாத பிள்ளை, தலையாலே சொல்கிறது. படத்தாலோ கருவியாலோ கையசைவாலோ சொல்லும் வழியைக் கொடுத்தால் அவ்வழியே பேசும். வலியைத் தீர்க்காமல் மோதுவதை மட்டும் நிறுத்துவது, அழுத குழந்தையின் வாயைப் பொத்துவது போலாகும்.

"உலகம் வளையாது, நாளை வேலைக்குச் செல்ல வேண்டிய பிள்ளை இன்றே பழக வேண்டாமா?" என்பது பெற்றோரின் கவலை. அக் கவலையை நாம் இகழவில்லை. அதன் அடியிலே இருப்பது அன்பு. பேருந்திலே பயணஞ் செய்யவும், பணத்தை எண்ணவும், தனக்கு வேண்டாததை வேண்டாமென்று சொல்லவும் கற்பிப்பது நல்ல பயிற்சி. இயல்பை மறைக்கக் கற்பிப்பதும் வாழக் கற்பிப்பதும் ஒன்றல்ல. முன்னது மூச்சை அடக்கப் பயிற்றுவது. எத்தனை நாளுக்கு அடக்க முடியும்?

"வைத்தியர்களுக்கே பஞ்சமான நாட்டிலே இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பது மூன்றாவது. நாம் மேலே கூறியவற்றை மீண்டும் எண்ணுங்கள். விளக்கை அணைத்துச் சன்னலைத் திறக்க எத்தனை ரூபா? கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க எத்தனை ரூபா? "கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, தம்பி, விரும்பியபடி இருங்கள்" என்று சொல்ல எத்தனை ரூபா? பற்றாக்குறை உள்ள இடத்திலேதான், வந்தவரை இழக்காதிருப்பது இன்னும் அவசியம்.

சட்டமும் கடமையும்

இது கருணைக்கான வேண்டுகோள் அன்று என்று தொடக்கத்திலேயே சொன்னோம். மாற்றுத்திறன் உடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை 2007இல் அதில் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்புறுதி செய்தது. ஒருவருக்கு வேண்டிய நியாயமான இசைவாக்கத்தை மறுப்பதே பாகுபாடு என்று அச் சமவாயத்தின் 2ஆம் உறுப்புரை வரையறுக்கிறது. மற்றவர்க்கு அளிக்கப்படும் அதே தரமான மருத்துவத்தை, உரியவரின் சுதந்திரமான, விளக்கம் பெற்ற சம்மதத்தோடு அளிக்க வேண்டுமென்று 25ஆம் உறுப்புரை பணிக்கிறது.

எமது நாட்டிலோ சர்வதேச உடன்படிக்கை தானாகச் சட்டமாகிவிடுவதில்லை. பாராளுமன்றம் அதனை நாட்டுச் சட்டமாக இயற்ற வேண்டும். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலுக்குச் சேர்த்தல், கல்விக்கூடத்தில் அனுமதித்தல், பொது இடங்களுக்குள் செல்லுதல் ஆகியவற்றிலே பாகுபாடு கூடாதென்று அது விதித்தது. நல்லதே. ஆனால் வாசற்கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கையை மறுத்தால், அழைத்ததாகுமா? வாசலைக் கடந்தபின் அறைக்குள்ளே வேண்டிய இசைவாக்கமும் உரிமையென்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்கென்று 2009இல் ஓட்டிசச் சட்டமொன்று தனியே இயற்றப்பட்டமை, இது இயலாத காரியம் அன்று என்பதற்குச் சான்று.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வாசகர்களாகிய வைத்தியர்களே, உளவளத்துணையாளர்களே, ஆசிரியர்களே! உங்களை நாடி வருபவரிடம் முதல் நாளே, "உங்களுக்கு இங்கே எது இடைஞ்சலாக இருக்கிறது? எப்படிக் கேட்டால் சொல்ல எளிது?" என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுமுன், "நாம் ஒத்துழைத்தோமா?" என்று உங்களையே வினவுங்கள். உங்கள் தொழிற் சங்கங்களிலே இவ்விடயத்தைப் பேசுங்கள். பேச ஓட்டிசமுடையவர்களையே அழையுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! பிள்ளையின் இயல்பு உங்களுடைய குற்றமுமன்று, முன்வினைப் பயனுமன்று. வைத்தியசாலைக்குச் செல்லும்போது, பிள்ளைக்கு ஆகாத ஓசை எது, அமைதி தரும் பொருள் எது, எவ்வாறு கேட்டால் பதில் வரும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். எழுத இயலாதவருக்கு எழுதிக் கொடுப்பது அயலிலுள்ள படித்தவர்களின் கடமை. தண்டனையும் வேதனையும் சிகிச்சை என்ற பெயரில் வந்தால், "இது ஏன்? இதற்குச் சான்று யாது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெள்ளை அங்கி அணிந்தவர் முன்னே வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

நிலத்தோடு வாழ்பவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே செழித்த வெங்காயத்தை வன்னியின் வயற்சேற்றிலே நட்டு, அது அழுகியபோது வெங்காயத்தைக் கோபிக்கும் கமக்காரன் எங்கேனும் உண்டா? அவன் மண்ணைப் பார்க்கிறான், நீரைப் பார்க்கிறான், வரம்பை மாற்றுகிறான். பயிரை வளைத்து மண்ணுக்குப் பொருத்த அவன் முயல்வதில்லை. கமக்காரன் அறிந்த இவ்வுண்மையை, கற்றவர் அமரும் அறைகளும் அறிந்துகொள்ளட்டும். வளைய வேண்டியது நாடி வந்தவர் அல்லர், நாடப்பட்டவரே.